திரிகூடராசப்பக் கவிராயர் என்னும் நாடக ஆசிரியர்: குற்றாலக் குறவஞ்சியின் அரங்க அமைப்பு

தென்காசியை அடுத்த மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயரைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் சிற்றிலக்கியப் புலவர் வரிசையில் வைத்தே பேசிவருகின்றன. தலபுராணம், யமக அந்தாதி முதலியவற்றையும் குற்றாலத்தின்மீது பாடியவர் என்பதால் அவ்வகைப்பாடு இயல்பானதே. ஆனால் இராகமும் தாளமும் குறிக்கப்பெற்று, பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து பாடவும் ஆடவும் உரையாடவும் அமைந்த குற்றாலக் குறவஞ்சியை அந்தாதியோடு ஒரே தட்டில் நிறுப்பதால் ஓர் இழப்பு நேர்ந்துள்ளது. மலைவளப் பாடல் ஒருபுறமும் சிங்கன் சிங்கி உரையாடல் மற்றொருபுறமுமாகப் பிரித்துப் பாராட்டப்படுகின்றன. இரண்டையும் இணைக்கும் நாடக அறிவு கவனம் பெறுவதில்லை.

கவிராயரின் வாழ்க்கை பற்றிக் கிடைப்பவை சிலவே. திருக்குற்றாலநாதர் கோயில் வித்துவானாக விளங்கினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காக நிலக்கொடை அளித்தார். அந்நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது. நூலை முதலில் ஆடியவர் யார் என்பதற்கு நூலுள் விடை இல்லை. இங்கிலாந்தில் 1623இல் வெளிவந்த சேக்சுபியர் நாடகத் தொகுதி, அவற்றில் நடித்த 26 பேரின் பெயர்களை முன்பக்கத்தில் அச்சிட்டது, முதற்பெயர் ஆசிரியருடையதே. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்திய இத்தமிழ் நாடகத்தில் சிங்கியாகக் கூடையேந்தி வந்த பெண்ணின் பெயர் மறைந்துவிட்டது. குறவஞ்சிகளைக் கோயில் ஆடல்மகளிர் ஆடிவந்த மரபைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி உறுதிப்படுத்துகிறது. எனவே நடிப்பின் தடயத்தைப் பனுவலுக்குள்ளேயே தேட வேண்டியுள்ளது.

பனுவல் அதற்கு இடந்தருகிறது. கட்டியக்காரன் பவனியை அறிவிக்க, திரிகூடநாதர் உலா வருகிறார். பந்தாடும் வசந்தவல்லி அவரைக் கண்டு மயங்குகிறாள், நிலவைப் பழிக்கிறாள், பாங்கியைத் தூது விடுகிறாள். குறத்தி வந்து மலைவளம் கூறி, கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். இவ்விடத்தில் தலைவியின் கதை நின்றுவிடுகிறது. இறைவன் தலைவியைக் கூடும் காட்சி இல்லை. அதன்பின் மேடையை நிரப்புபவன் மனைவியைத் தேடிவரும் பறவைவேடன் சிங்கன்.

இரு கதைகள் ஒட்டாமல் நிற்கின்றன என்று குறை கூற இடமுண்டு. அக்குறை நிலைக்காது. முற்பகுதியில் பெண் ஆணுக்காக ஏங்குகிறாள். பிற்பகுதியில் ஆண் பெண்ணுக்காக அலைகிறான். கண்ணி வைக்க வந்தவனே கண்ணியில் அகப்பட்டவன்போல் தவிக்கிறான். தலைவியின் விரகம் தெய்வத்தை நோக்கியதாதலால் நகைக்க இயலாது; அதே விரகத்தைச் சிங்கன்வழி அவையோர் சிரித்துக்கொண்டே காண்கின்றனர். மேடையில் நிறைவேறும் கூடலும் இவ்விருவருடையதே.

இரு பகுதிகளுக்கும் பாலமாவது அணிகலன். குறிக்குக் கிடைக்கும் பரிசு முற்பகுதியில் மகிழ்ச்சிக்குரியது. பிற்பகுதியில் கணவனின் ஐயத்துக்குக் காரணம். சிலம்பையும் தண்டையையும் அறியாத சிங்கன் அவற்றைத் தன் காட்டுலகப் பொருள்களாகவே காண்கிறான். சிங்கியோ எந்நாட்டில் எதற்காகப் பெற்றது என்று ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறாள். அவள் குறி சொல்லுமிடத்தை ஏற்கெனவே கண்ட அவையோருக்கு உண்மை தெரியும், சிங்கனுக்குத் தெரியாது. நாடகச் சுவை இந்த இடைவெளியிலேயே பிறக்கிறது. படிப்பவருக்குச் சொல்நயமாகத் தோன்றும் இப்பகுதியில் நடிகர்க்குரிய குறிப்புகள் பொதிந்துள்ளன: அவன் குனிந்து பார்த்து அஞ்சிப் பின்வாங்க வேண்டும், அவள் காலை நீட்டிக் காட்ட வேண்டும். பார்வை அடியிலிருந்து படிப்படியாக மேலேறும்போது ஐயம் காதலாக மாறுவதையும் உடல்மொழியே உணர்த்தியாக வேண்டும்.

பறவைகள் மேயும் வயல்களின் பட்டியல் இன்றைய வாசகரைச் சோர்வடையச் செய்வது உண்மை. கோயில் கட்டளை நிலங்களின் பெயர்கள் அவை. அந்நாளைய குற்றாலத்து அவையில் அவற்றின் பயிர்செய்வோரும் அமர்ந்திருக்கக் கூடும். வேற்றூர் மேடையில் இப்பகுதியைச் சுருக்குவதில் தவறில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்நூலுக்கு இரு வாழ்வுகள் வாய்த்தன. குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) பாடல்களின் தாளத்தையும் உணர்ச்சியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி வாசகரைப் பெருக்கினார். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் இதனை நாட்டிய நாடகமாக்கினார். முன்னது செவிக்கும் பின்னது கண்ணுக்கும் உரியன. பாத்திரங்களின் வருகை, வெளியேற்றம், ஒரே காட்சியில் நிற்போர் எண்ணிக்கை, பாடல் முடிந்து உரையாடல் தொடங்கும் இடம் ஆகியவற்றைக் குறித்த அரங்கப் பதிப்பு ஒன்று அமைந்தால், சிங்கனுக்குத் துணையாய் வரும் நூவன் எத்தனை இடங்களில் பேசாமல் நிற்கிறான் என்பதும் அப்போதுதான் புலப்படும்.