மதிப்பெண்ணும் முகவரியும்

மூன்றெழுத்துச் சொல் ஒன்று உண்டு: தகுதி. அதை உச்சரிக்கும்போது சிலருக்குக் குரல் கனத்துவிடுகிறது. மார்பு நிமிர்கிறது. பாட்டன் தேடிவைத்த பொருளைக் கள்வன் கொண்டுபோய்விட்டது போன்ற துயரம் முகத்திலே படர்கிறது.

ஏற்காட்டுத் தேநீர்க் கடை ஒன்றிலே அத்தகைய துயரத்தை அண்மையிற் கண்டோம். சேலத்திலிருந்து குளிர் காண வந்திருந்த பெரியவர் அவர். மகன் நீட் தேர்வில் ஐந்நூற்றுக்கு மேல் வாங்கியும் அரசு மருத்துவக் கல்லூரி கிட்டவில்லையாம். “முந்நூறு வாங்கினவனுக்குக் கிடைக்கிறது! ஏனென்று கேட்டால் அரசுப் பள்ளியாம், ஏழரை விழுக்காடாம்! நாளைக்கு அவன் கையிலே கத்தியைக் கொடுத்துவிட்டு நம் வயிற்றைக் காட்டவேண்டும்” என்றார். கடையிலிருந்தோர் சிரித்தனர். அரசுப் பள்ளி ஆசிரியராகிய நாமும் அங்கேதான் இருந்தோம். நமது தேநீர் ஆறிப்போயிற்று.

பெரியவர் பொய் சொல்லவில்லை. முந்நூறு ஐந்நூற்றைவிடச் சிறிது. இதை மறுப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். நம் தோழர்கள் சிலர் இந்த இடத்திற்கு வந்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றனர். பழைய வரலாறு பேசுகின்றனர், குரலை உயர்த்துகின்றனர். அது வேண்டாம். எண்ணையே எடுத்துக்கொள்வோம். அந்த முந்நூறு எங்கே விளைந்தது, இந்த ஐந்நூறு எங்கே விளைந்தது என்று கேட்போம்.

சேர்வராயன் மலையிலே இரு வகைப் பள்ளிகள் உள்ளன. 1894இல் தோன்றிய சேக்ரட் ஹார்ட், 1917இல் தோன்றிய மான்ட்ஃபோர்ட் போன்றவை ஒரு வகை. பல ஊர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிப்பவை. நல்ல பள்ளிகளே, அவற்றோடு நமக்கு வழக்கில்லை. அவற்றின் மதிலுக்கு அப்பால், காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே, வெள்ளக்கடை, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் என்று ஊராட்சிகள். மலையாளிப் பழங்குடி மக்களும் தோட்டத் தொழிலாளரும் வாழும் சிற்றூர்கள். அவர்தம் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும். இரு வகைப் பள்ளிக்கும் மழை ஒன்றே, மூடுபனி ஒன்றே. வினாத்தாளும் ஒன்றே.

வெள்ளக்கடைப் பக்கத்துப் பெண் ஒருத்தி நம்மிடம் படிக்கிறாள். தந்தையும் தாயும் காப்பித் தோட்டத்திலே நாட்கூலி. கார்த்திகை பிறந்துவிட்டால் பழம் பறிக்கும் காலம். தாய் விடியலிலே கூடையோடு புறப்பட்டுவிடுவாள். இவள் தம்பிக்குச் சோறாக்கி வைத்து, பனியிலே நடந்து வருவாள். நம் மலையிலே காப்பிப் பழமும் அரையாண்டுத் தேர்வும் ஒன்றாகவே பழுக்கின்றன. பிளஸ் ஒன் படித்தபோது இயற்பியலுக்கு ஆசிரியர் வந்து சேரப் பாதி ஆண்டு ஆயிற்று. நீட் வினா தமிழிலும் கிடைக்கும் என்பது உண்மை. பயிற்சிக்கென்று கடையிலே விற்கும் தடித்த நூல்களோ ஆங்கிலத்தில் இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவே அவள் மாதிரித் தேர்வில் இருநூற்றெண்பது வாங்குகிறாள். சேலத்துப் பெரியவரின் மகனை இந்த மலையிலே, இந்தக் குடிசையிலே, இந்தக் கார்த்திகையிலே கொண்டுவந்து வைத்தால் எத்தனை வாங்குவான்? அவனும் கெட்டிக்காரப் பிள்ளையாகவே இருக்கட்டும். நாம் கேட்பது கேலியன்று, கணக்கு.

நீதியரசர் ஏ.கே. இராஜன் தலைமையிலான குழு, நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்து, 2021 சூலையில் தமிழ்நாடு அரசிடம் ஓர் அறிக்கை அளித்தது. இளைஞர்கள் ஒருமுறையேனும் அதைப் புரட்டிப் பார்க்கவேண்டும். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களிலே, பிளஸ் டூ முடித்து ஓராண்டோ ஈராண்டோ காத்திருந்து மறுபடியும் தேர்வெழுதி வந்தவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு. 2020-21இல் அது 71.42 விழுக்காடு! பத்துப் பேரிலே ஏழு பேர்! மறுபடியும் எழுதுவது குற்றமா என்று கேட்பர். குற்றமன்று. ஆனால் அந்த ஓராண்டுக்குப் பயிற்சி நிலையக் கட்டணம் வேண்டும், விடுதி வேண்டும், உணவு வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை சம்பாதிக்காமல் உட்கார்ந்திருப்பதைத் தாங்கும் தெம்பு வீட்டுக்கு வேண்டும். ஐந்நூறு என்னும் எண்ணுக்குள்ளே இவையெல்லாம் கரைந்து கிடக்கின்றன. பாலிலே தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கக் கருவி உண்டு. மதிப்பெண்ணிலே பணம் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க இந்த நாட்டிலே எவரும் கருவி செய்யவில்லை. தமிழ்வழியிலே பயின்று மருத்துவம் சேர்ந்தவர்கள் முன்பு ஏறத்தாழ 15 விழுக்காடு இருந்தனர், 2017-18இல் 1.6 விழுக்காடாகச் சுருங்கினர் என்பதும் அந்த அறிக்கையிலேதான் இருக்கிறது. ஓராண்டிலே தமிழ்ப் பிள்ளைகளின் மூளை சுருங்கிப் போயிற்றா?

தகுதி காக்கும் காவலர்கள் 2023 செப்டம்பரிலே எங்கே சென்றிருந்தனரோ! அந்த மாதம் ஒன்றிய அரசு, முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தகுதிக் கோட்டைப் பூச்சியம் பர்சன்டைல் வரை இறக்கிவிட்டது. தேர்வெழுதியவர் எவராயினும் கலந்தாய்வுக்கு வரலாம் என்பதே அதன் பொருள். காலியிடம் நிரம்பவேண்டுமாம். இளநிலைப் படிப்பிலே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கதை ஊரறிந்தது: தகுதிக் கோட்டை எப்படியோ தாண்டிவிட்ட ஒருவர், கோடியைத் தொடும் கட்டணத்தை எடுத்து வைத்தால், தமக்கு மேலே பல்லாயிரவர் வரிசையிலே நின்றாலும் உள்ளே போய்விடலாம். அவர் கையிலும் கத்தி கொடுக்கத்தான் போகிறார்கள். அதற்கு மட்டும் தேநீர்க் கடையிலே சிரிப்பு எழுவதில்லை.

மதிப்பெண்ணை அது புறப்பட்ட முகவரியோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்னும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1960களில் சென்னை மாநில அரசு மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பகிர்ந்தது. 1968இல் இராஜேந்திரன் வழக்கிலே உச்சநீதிமன்றம் அதனைச் சமத்துவத்துக்கு முரண் என்று தள்ளியது. 1990களில் கிராமப்புறப் பள்ளிகளிலே பயின்றவர்க்குத் தனி ஒதுக்கீடு வந்தது. அதுவும் பின்னர் உயர்நீதிமன்றத்திலே வீழ்ந்தது. 1984இல் வந்த நுழைவுத் தேர்வை 2007இல் சட்டம் இயற்றி ஒழித்தோம். 2017இல் அது நீட் என்னும் பெயரோடு மறுபடியும் வாசலிலே வந்து நின்றது. நீட்டிலிருந்து விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றிய முன்வரைவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லை என்பது 2025 ஏப்ரலில் தெரியவந்தது.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்தது 2020ஆம் ஆண்டுச் சட்டம். நீதியரசர் கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்க்கு 10 விழுக்காடு வேண்டும் என்றது. அமைச்சரவை அதனை 7.5 ஆக்கிற்று. செப்டம்பரிலே சட்டமன்றம் நிறைவேற்றியது ஆளுநர் மாளிகையிலே ஒன்றரை மாதம் உறங்கிற்று. அக்டோபர் 29இல் அரசு தானே ஆணை பிறப்பித்தது. மறுநாளே உறக்கம் கலைந்து ஒப்புதல் வந்தது! அதற்கு முந்தைய 2019-20இல் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் ஆறே பேர். மாநிலத்து மாணவரில் 41 விழுக்காட்டினர் பயிலும் பள்ளிகளிலிருந்து ஆறு பேர்! சட்டம் வந்த ஆண்டிலே எம்.பி.பி.எஸ். இடம் 313, பல் மருத்துவ இடம் 92. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. ஐந்தாண்டுக்குள் மறு ஆய்வு செய்க என்றும் சொன்னது. இதிலே எவருக்கும் நீட் தள்ளுபடி இல்லை. எல்லோரும் தாண்டும் தகுதிக் கோட்டை எம் பிள்ளைகளும் தாண்டவேண்டும். தாண்டியபின் வரிசை தனி, அவ்வளவே.

வேறு நாடுகளிலே இப்படி உண்டா என்பார் உளர். அமெரிக்காவிலே டெக்சாஸ் மாநிலம் 1997இல் சட்டம் செய்தது: எந்த உயர்நிலைப் பள்ளியாயினும், அங்கே முதற் பத்து விழுக்காட்டிலே வருபவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. ஏழைப் பேட்டைப் பள்ளியின் முதல் மாணவனை, செல்வர் பேட்டைப் பள்ளியின் முந்நூறாவது மாணவனோடு எடைபோட வேண்டியதில்லை. இங்கிலாந்திலே பிரிஸ்டல் போன்ற புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள், பின்தங்கிய பள்ளிகளிலிருந்து வருவோரிடம் ஓரிரு படி குறைந்த தரத்தையே கேட்கின்றன. அங்கே உயர்கல்வி நிதி மன்றம் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பள்ளி இறுதித் தேர்விலே ஒரே தரம் பெற்று நுழைந்தவர்களில், பட்டத் தேர்வின் மேல்வகுப்புகளை எட்டியவர்கள் தனியார் பள்ளியாரைவிட அரசுப் பள்ளியாரிலே கூடுதல் விகிதத்தினர் என்று கண்டது. காரணம் அறிவது கடினமன்று. ஏணி வைத்து எட்டியவனும் எம்பிக் குதித்து எட்டியவனும் ஒரே கிளையைத் தொட்டிருந்தால், எவன் காலிலே வலு அதிகம்? கத்தியைப் பற்றிக் கவலைப்பட்ட பெரியவருக்கு இதைச் சொல்லியிருக்கவேண்டும். அன்று நாம் சொல்லவில்லை, நாணம் தடுத்தது.

இனி நம் பக்கத்தையும் சற்றுப் பார்க்கவேண்டும். நீட் வருமுன் பொற்காலம் இருந்ததென்றும், பிளஸ் டூ மதிப்பெண்ணால் ஏழைப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளை நிறைத்திருந்தனர் என்றும் மேடைகளிலே முழங்குகிறோம். தமிழ்வழிப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் இன்றைவிட அன்று மிகுதி, ஐயமில்லை. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள்? அந்தப் பத்தாண்டுகளிலும் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவே! மீதி எங்கே விளைந்தது என்பதைச் சேலத்தார்க்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கி இராசிபுரம், நாமக்கல் சாலையிலே போனால் பள்ளி விளம்பரப் பலகைகளே விடை சொல்லும். கோழிப் பண்ணைக்குப் பெயர்பெற்ற பகுதியிலே மதிப்பெண் பண்ணைகளும் பெருகின. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைப்பது அங்கே கலையாக வளர்ந்தது. அந்தக் கலைக்குக் கடிவாளமிடவே 2018இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதனை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறையும் என்கின்றனர், குறையலாம். பழைய பண்ணைக்காரர்கள் மகிழ்ந்திருப்பர் என்பதும் உண்மை. நீட் தொலைந்தாலும் முகவரி பார்க்காத மதிப்பெண் நமக்கு நீதி செய்யாது. ஏழரை விழுக்காடு அன்றும் வேண்டியிருக்கும்.

அந்த ஏழரையிலும் ஒரு குறை இருக்கிறது. சட்டத்தை ஆதரிக்கும் நாமே அதைச் சொல்லவேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்திருக்கவேண்டும் என்பது விதி. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியிலே இலவசமாகப் படித்துப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கும் இடம் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியிலே படித்தவருக்கு இல்லை. சத்துணவு அரசினது, பாடநூல் அரசினது, ஆசிரியர் ஊதியம் அரசினது. ஆயினும் அந்தப் பிள்ளை அரசின் பிள்ளையல்லவாம்! நகரத்திலே பெரிய பெயரோடு நடக்கும் உதவி பெறும் பள்ளிகளை எண்ணி இப்படி வகுத்திருக்கலாம். மலையிலே, அருகில் எந்தப் பள்ளி இருக்கிறதோ அதுவே பள்ளி. வேறு பள்ளிக்குப் போக நடையும் கூடும், காடும் குறுக்கிடும். பள்ளியின் வகையை மட்டும் பார்க்காமல் வீட்டின் வருவாயையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் தீரும். மறு ஆய்வு செய்வோர் இதனை எண்ணவேண்டும்.

நாம் முன்னே சொன்ன பெண் பழங்குடி வகுப்பினள் அல்லள். தோட்ட வேலைக்கென்று ஒரு தலைமுறைக்கு முன் மலையேறி வந்து தங்கிவிட்ட குடும்பம். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை அவள் தன் குடியிருப்புக்கு அருகிலிருந்த உதவி பெறும் நடுநிலைப் பள்ளியிலே படித்தாள். ஒன்பதாம் வகுப்பிலேதான் நம்மிடம் வந்தாள். சென்ற வாரம் படிப்புச் சான்றுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வகுப்புக்கு ஒரு வரியாக ஏழு வரிகள். கீழ் நான்கையும் நிரப்பி, தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தோம்.

“சார், மேலே மூணு வரி காலியா இருக்கே?” என்றாள்.

“அது உன் பழைய பள்ளியிலே எழுதித் தரவேண்டியது, அம்மா” என்றோம்.

“நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடறேன் சார்” என்று தாளை மடித்து உயிரியல் நூலுக்குள் வைத்துக்கொண்டு போனாள். அங்கே உண்மையைத்தான் எழுதித் தருவார்கள். எழுதினால் என்ன ஆகும் என்பதை அவளிடம் நாம் இன்னும் சொல்லவில்லை. திங்களன்று அவளுக்கு மாதிரித் தேர்வு.