மேசையின் எந்தப் பக்கத்து அறிவு?

எட்மண்ட் கெற்றியரின் கட்டுரை 1963இல் 'அனலிசிஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. மூன்றே பக்கங்கள். அந்த மூன்று பக்கங்களுக்குப் பதில் சொல்வதற்காக ஆங்கிலமொழி மெய்யியலாளர் எழுதிக் குவித்தவற்றைப் படித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. அந்தக் குவியலைப் பற்றி எனக்கொரு முறைப்பாடு உண்டு.

'மெய்யான, நியாயப்படுத்தப்பட்ட நம்பிக்கையே அறிவு' என்ற வரைவிலக்கணத்தைக் கெற்றியர் கவிழ்த்தார். ஸ்மித்தும் ஜோன்ஸும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று கொம்பனித் தலைவர் ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதை ஸ்மித் எண்ணியும் பார்த்திருக்கிறார். ஆகவே வேலை பெறப்போகிறவரின் பையில் பத்து நாணயங்கள் உண்டு என்று முடிவு செய்கிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவர் அறியாமலே அவருடைய பையிலும் பத்து நாணயங்கள். நம்பிக்கை மெய், அதற்கு ஆதாரமும் இருந்தது. ஆயினும் அதை 'அறிவு' என்று சொல்ல நா எழாது.

எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த உரையாசிரியர் தர்மோத்தரர் இதைவிட நல்ல உதாரணம் வைத்திருந்தார். இறைச்சி வாட்ட இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள். புகை இன்னும் எழவில்லை. இறைச்சி மணத்துக்கு மொய்த்த பூச்சிக்கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவன் புகையென்று எண்ணி, அங்கே தீ உண்டு என்கிறான். தீ இருக்கிறது, அவன் அறியவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் புகையையும் நெருப்பையும் வைத்து அனுமானம் கற்பிப்பதைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. 'எல்லாம் எங்களிடம் முந்தியே இருந்தது' என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கூத்தைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

கெற்றியருக்குப் பிறகு மெய்யியலாளர் இரு முகாம்களாகப் பிரிந்தனர். ஒருவனுடைய நம்பிக்கை நியாயமானதா என்பதை அவனுக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்தே தீர்க்கவேண்டும் என்பது அகவாதம். நம்புகிறவனுக்குத் தெரியாத புறநிலைமைகளையும் கணக்கிலெடுக்க வேண்டும் என்பது புறவாதம். புறவாதியான ஆம்ஸ்ரோங் 1973இல் அறிகிறவனை நல்ல வெப்பமானிக்கு ஒப்பிட்டார்: வெப்பமானி தன் சரியை விளக்கத் தேவையில்லை, சரியாகக் காட்டினால் போதும். (நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சூளையின் வெப்பமானியைச் சோதிக்க இன்னொரு வெப்பமானி வைத்திருக்கிறார்கள். அதைச் சோதிப்பது யார் என்று கேட்டால் மேற்பார்வையாளர் சிரிக்கிறார்.) போன்ஜூர் 1980இல் மறுத்தார்: தூரத்து நிகழ்வுகளைப் பிழையின்றி உணரும் ஒருவனிடம் அந்தச் சக்தி தனக்கு உண்டென்பதற்கு எந்த ஆதாரமும் இல்லையென்றால், அவனுடைய நம்பிக்கை அவனைப் பொறுத்தவரை வெறும் குருட்டூகம்தான்.

இரண்டு முகாமிலும் கூர்மையானவர்கள் உண்டு. என் முறைப்பாடு உதாரணங்களைப் பற்றியது. நாணயங்கள், வெப்பமானிகள், தூரதிருஷ்டிக்காரர். இவற்றில் ஒருவர் நம்புவதும் நம்பாததும் இன்னொருவரின் தலைவிதியைத் தீர்ப்பதில்லை. கெற்றியர் தன் முதல் அடிக்குறிப்பில் பிளேற்றோவின் 'தியேற்றற்றஸ்' 201ஆம் பகுதியைச் சுட்டுகிறார். அங்கே இருப்பது ஒரு நீதிமன்றம். கண்ணால் கண்டவன் மட்டுமே அறியக்கூடிய ஒன்றை, நீர்க்கடிகாரம் வடிவதற்குள், கேட்டதை மட்டும் வைத்து யூரிகள் தீர்க்கிறார்கள். தீர்ப்புச் சரியாக அமைந்தாலும் அவர்களிடம் இருப்பது அறிவல்ல என்கிறார் சோக்கிரதீஸ். கெற்றியர் பக்க எண்ணை எடுத்துக்கொண்டார், நீதிமன்றத்தை விட்டுவிட்டார்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அகதிக்கு வரைவிலக்கணம் சொல்கையில் 'நன்கு ஆதாரமுள்ள அச்சம்' என்கிறது. எங்களில் பலர் இந்தத் தொடரை மனப்பாடமாகவே அறிவோம். அச்சம் என்பது வரப்போவது பற்றிய நம்பிக்கை. நன்கு ஆதாரமுள்ளது என்றால் நியாயப்படுத்தப்பட்டது. அகதிச் சட்டத்தின் நடுவிலேயே கெற்றியரின் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

பிரித்தானியாவில் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர் சிலரின் வழக்கில், அச்சத்தை முதலில் விண்ணப்பதாரியின் நிலையிலிருந்தே பார்க்கவேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. ஆபத்து உண்மையிலேயே உண்டா என்பதே கேள்வி. விண்ணப்பதாரிக்குத் தெரியாத, ஆனால் உள்துறை அமைச்சருக்குத் தெரிந்த நிலைமைகளையும் கணக்கிலெடுக்கலாம் என்றது. சுத்தமான புறவாதம். நிரூபண அளவை இதே தீர்ப்பு தாழ்த்தி வைத்ததால் பின்வந்த பலர் பயனடைந்தார்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

1988 பெப்ரவரியில் அவர்களில் ஐவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். வடக்கில் அப்போது இந்திய இராணுவம். அன்றைய சட்டப்படி நாட்டைவிட்டுப் போனபின்தான் அவர்கள் மேன்முறையிட முடிந்தது. 1989இல் அதை விசாரித்த நடுவர், அவர்களுடைய அச்சம் ஆதாரமுள்ளதே என்று தீர்த்தார். அவர்கள் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். அதே ஐவர் ஸ்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திடமும் போனார்கள். 1991 ஒக்டோபர் 30இல், எட்டுக்கு ஒன்று என்ற வாக்கில், சித்திரவதைக்கு எதிரான மூன்றாம் உறுப்புரை மீறப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. அனுப்பிய நேரத்தில் அரசுக்குத் தெரிந்திருந்தவையும் தெரிந்திருக்கவேண்டியவையுமே முதன்மையான அளவுகோல் என்றார்கள். மூவர் திரும்பிப்போன பின் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னதை, அமைச்சர் அதை முன்னறிய இடமிருக்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோனார்கள். இது அகவாதம்.

அகதி அஞ்சும்போது அவன் அறியாதது அவனுக்கு எதிராக எண்ணப்படுகிறது. அரசு அனுப்பும்போது அது அறியாதது அதற்குச் சாதகமாக எண்ணப்படுகிறது. மெய்யியல் துறைகளில் ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரு முகாமில் நின்று மற்றதை எதிர்ப்பார். இங்கே இரண்டு முகாமும் ஒரே ஐவர் மேல் மாறிமாறிப் பிரயோகிக்கப்பட்டன, எந்த முரணும் உணரப்படாமல்.

முரண் இல்லை என்று வாதிடலாம். லண்டன் நீதிமன்றம் தீர்த்தது அகதி அந்தஸ்தை. ஸ்ராஸ்பூர்க் தீர்த்தது அரசின் பொறுப்பை. முன்னறிய முடியாததற்கு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. நல்ல வாதம்தான், நான் விரிவுரையாளனாக இருந்தபோது இதை எழுதிய மாணவனுக்கு உயர்ந்த புள்ளி போட்டிருப்பேன். ஆனால் 'தெரிந்திருக்கவேண்டியவை' என்ற சொல்லுக்குள் என்ன வரும்? அந்த ஐவரும் தமக்கு என்ன நடக்கும் என்று அஞ்சுவதாகச் சொல்லித்தானே தஞ்சம் கேட்டார்கள்? அமைச்சருக்கு முன்னால் அந்த வாக்குமூலம் கிடந்தது. அது அறிவு தரும் வழியாக எடுக்கப்படவில்லை.

நியாய மரபு உரையைத் தனி அளவையாக ஏற்றது. அந்த மரபின் வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவர் யார் என்ற இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று எழுதிவைத்தார். அவருடைய சமூகம் அப்படி நடந்ததா என்பது வேறு கதை. விசாரணை மேசைக்கு முன்னால் மிலேச்சர் நாங்கள்.

மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூல், சாட்சியை அவன் யாரென்பதற்காக நம்பாதிருப்பதை அறிவுசார் அநீதி என்றது. கெற்றியருக்கு 44 ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம் மெய்யியலுக்குத் திரும்பியது. ஆனால் அவர் பேசுவது கேட்பவரின் தப்பெண்ணத்தை. எங்கள் வழக்கில் எந்த நீதிபதியும் தப்பெண்ணம் கொண்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. மனச்சாட்சியுள்ளவர்களாகவே இருக்கட்டும். நியாயப்படுத்தல் பற்றிய எந்தக் கோட்பாடு யாருக்குப் பொருந்தும் என்பது அவர்கள் உட்காருமுன்பே பங்கிடப்பட்டிருந்தது. அதற்கு ஃபிரிக்கரிடம் பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

1996இல் ஒரு சீக்கியரை இந்தியாவுக்கு அனுப்பும் வழக்கில் ஸ்ராஸ்பூர்க் ஓரடி நகர்ந்தது: இன்னும் அனுப்பப்படாதவர் விடயத்தில் நீதிமன்றம் வழக்கைப் பரிசீலிக்கும் நாளின் நிலைமையையே பார்க்கவேண்டும் என்றது. அனுப்பப்பட்டுவிட்டவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அமைச்சரின் மேசையில் 1987இல் ஆதாரமற்றிருந்த அச்சம் நடுவரின் மேசையில் 1989இல் ஆதாரமுள்ளதாயிற்று. இடையில் அஞ்சியவர்கள் ஊருக்குப் போய்வந்திருந்தார்கள்.