நாயகனின் வாணிபம்

குற்ற உலகத் தலைவன் ஒருவனின் வாழ்க்கையைக் கலை தன் பொருளாகக் கொள்ளும்போது, அது எதனைச் சொல்கின்றது என்பதைப் போலவே எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதும் திறனாய்வாளனின் கவனத்துக்குரியதாகும். மணிரத்னத்தின் இயக்கத்தில் 1987ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படத்தை இந்நோக்கிலே அணுகுவது பயனுடைத்து.

பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியே இப்படம் உருவாயிற்று என்பது பலரும் அறிந்ததே. பிழைப்புத் தேடி அந்நகரை அடைந்து, விக்டோரியா ரெர்மினஸ் புகையிரத நிலையத்திலே சுமைகூலியாகத் தொழில் புரிந்த அவர், கள்ளச்சாராய வாணிபத்தினாலும் கடத்தலினாலும் ஹாஜி மஸ்தான், கரீம் லாலா ஆகியோருக்கு நிகரான செல்வாக்கைப் பெற்றார். மாதுங்காவில் அவர் ஆண்டுதோறும் நடத்திய விநாயகர் விழா அச்செல்வாக்கின் பகிரங்க வெளிப்பாடாயிருந்தது. 1980களிற் பொலிசாரின் நடவடிக்கைகள் கடுமையாகவே சென்னைக்குப் பெயர்ந்த அவர், 1988இல் அங்கு காலமானார்.

இவ்வாழ்க்கையின் பொருளாதார அடித்தளத்தை நோக்குமிடத்து, சாராயமே முதலிடம் பெறுகின்றது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடியை ஒழிக்கவில்லை. விற்பனையைக் களவுச் சந்தைக்கு மாற்றியது. அச்சந்தையில் மலிவான சாராயத்தை வாங்கியவன் யார்? ஆலைத் தொழிலாளியும் சுமைகூலியும் சேரிவாசியுமே. ஆகவே, ஏழைகளுக்கு வாரி வழங்கப்பட்ட பணத்தில் அவ்வேழைகளின் கூலியும் அடங்கியிருந்தது எனலாம்.

இவ்வுண்மைதான் படத்தில் நிழலுக்குள் தள்ளப்படுகின்றது. வேலு நாயக்கரின் தொழிலாக முன்னிற்பது கடல்வழிக் கடத்தலே. கடத்தலில் இழப்பது சுங்கத் திணைக்களம். சேரியின் எந்தக் குடிசையிலும் அவ்விழப்பு உணரப்படுவதில்லை. சேரியை இடிக்க முனையும் சேட்டின் மாளிகை நொறுக்கப்படும் காட்சியில் நாம் தயக்கமின்றி நாயக்கரின் பக்கம் நிற்பதற்கு இம்மாற்றமும் ஒரு காரணமாகும். 1972இல் வெளிவந்த ‘கோட்பாதர்’ படத்தின் தலைவனும் போதைப்பொருள் வாணிபத்தை மறுப்பதன் மூலமே நமது பரிவைத் தக்கவைத்துக் கொள்கிறான் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

கலைப்படைப்பு வாழ்க்கை வரலாறு அன்று என ஒருவர் வாதிக்கலாம். அது சரியே. தோட்டாதரணியின் கலையமைப்பும் பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் கமல்ஹாசனின் நடிப்பும் இப்படத்தைத் தமிழ்த் திரையுலகின் சாதனைகளுள் ஒன்றாக்கியுள்ளன என்பதிலும் ஐயமில்லை. குற்றத்தின் விளைவுகளையும் படம் மறைக்கவில்லை. நீலா கொலையுண்கிறாள், மகன் மடிகிறான், மகள் சாருமதி தந்தையை நிராகரித்து வெளியேறுகிறாள், நாயக்கராற் கொல்லப்பட்ட பொலிஸ் அதிகாரி கேல்கரின் மகனே இறுதியில் அவரைச் சுட்டு வீழ்த்துகிறான். ஆயின், நாயக்கரின் குடும்பத்தினதும் பகைவரின் குடும்பத்தினதும் இழப்புகளைக் கணக்கிட்ட படைப்பு, அவரை வணங்கி நிற்கும் சேரி மக்கள் எதனை இழந்தனர் என்று வினவவில்லை. படத்தின் மாற்றங்கள் யாவும் ஒரே திசையில், அதாவது நாயகனின் பக்கமாகவே, சாய்ந்திருப்பதுதான் நமது ஆட்சேபம்.

நாயக்கர் நல்லவரா கெட்டவரா எனப் பேரன் கேட்கும் வினாவுக்கு அவரிடம் விடையில்லை. பார்வையாளர் பலர் இதனைப் படத்தின் ஆழமாகக் கொள்வர். எனினும் அவ்வினா தனிமனிதனின் மனச்சாட்சியோடு நின்றுவிடுகின்றது. நீதியும் மருந்தும் குடியிருக்க உறுதியான நிலமும் அரசிடமிருந்து கிடைக்காத மக்கள், அவற்றை ஒரு தனிமனிதனின் கருணையாகப் பெறவேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது? அக்கருணைக்கு அவர்கள் கொடுத்த விலை யாது? இவ்வினாக்களைப் படம் எழுப்பியிருப்பின் நாயக்கரின் பெருமை சிறிது குறைந்திருக்கும். அவரது சோகமோ மேலும் ஆழமாகியிருக்கும். வன்முறையாளனை வள்ளலாகக் காண விழையும் மனப்பாங்கு இளைஞரிடையே வேரூன்றும் வேளைகளில், அவ்வினாக்களை எழுப்பும் பொறுப்பு திறனாய்வையே சாரும்.