உடைந்த வளையல்

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு டெல்லி போகிறவர்கள் 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்காவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-ல் திறந்தது. சுமார் 150 டன் காயலான் கடைச் சரக்கில் தாஜ்மகால், ஈஃபில், பைசா சாய்ந்த கோபுரம் என்று ஏழு அதிசயங்கள். முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். உழைப்பில் குறையில்லை. ஆனால் எட்ட நின்றால் அது தாஜ்மகாலின் சுமாரான நகல். கிட்டே போனால்தான் இரும்பு தெரிகிறது. பழைய சாமான், வேறு யாரோவாக வேஷம் போடுகிறது.

அப்படியே ரயிலேறி சண்டிகர் ராக் கார்டனுக்கும் போய்விடுங்கள். நேக் சந்த் என்ற ரோடு இன்ஸ்பெக்டர் செய்தது. கார்புசியே ஸ்கேல் பிடித்துக் கோடு போட்ட நகரம் அது. அதைக் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் மிச்சத்தையெல்லாம் இந்த மனுஷர் சைக்கிளில் அள்ளி வந்து, சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில், அரசாங்க நிலத்தில், அனுமதியே இல்லாமல், ஆபீஸ் முடிந்தபின் பொம்மைகளாக்கினார். 1957 வாக்கில் ஆரம்பித்து சுமார் பதினெட்டு வருஷ ரகசியம். சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மாறாக 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் ஐம்பது ஆட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ.

இங்கே உடைந்த வளையல் ஒரு பெண்ணின் உடையாகிறது. ஆனால் வளையலாகவும் இருக்கிறது. "அம்மா, இது நம்ம பாத்ரூம் டைல்ஸ்தானே?" என்று கேட்டாள், கோவையிலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி. அவ்வளவுதான் சார், விமர்சனம் முடிந்தது. தாஜ்மகால் நகலைப் பார்த்து அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஒரு குறை. மூன்றாம் பகுதியில் பெரிய வளைவுகளில் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். கூட்டம் முழுக்க அங்கேதான். பொம்மைகள் வரிசை வரிசையாக நிற்கும் இரண்டாம் பகுதியைப் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் கடக்கிறார்கள்.

1990-ல் ரோடு போட புல்டோசர் வந்தபோது ஊர் ஜனங்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். நேக் சந்த் 2015-ல் காலமானார். 2025-ல் பக்கத்து ஹைகோர்ட்டுக்கு ரோடும் பார்க்கிங்கும் வேண்டும் என்று, எதிர்ப்பையும் மீறி மதிலில் ஒரு பகுதியை இடித்தார்கள். இடிபாட்டில் கட்டியதையே இடிபாடாக்கும் சாமர்த்தியம் நமக்கு உண்டு. அந்த மதிலைப் பொறுக்கி பொம்மை செய்யத்தான் இப்போது ஆள் இல்லை.

ஆகவே தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். ஊஞ்சலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.