தி புக் ஆஃப் டிலைட்ஸ்

தி புக் ஆஃப் டிலைட்ஸ் (2019) அமெரிக்கக் கவிஞர் ராஸ் கே எழுதிய கட்டுரைத் தொகுப்பு. அன்றாடச் சந்திப்புகளில் கிடைத்த மகிழ்ச்சியையும் அதற்கான நன்றியையும் பதிவுசெய்கிறது.

உள்ளடக்கம்

2016 ஆகஸ்ட் 1, தம் பிறந்தநாளில் தொடங்கி அடுத்த பிறந்தநாள் வரை, தம்மை மகிழ்வித்த ஒன்றை நாள்தோறும் கையால் விரைவாக எழுதுவது என ராஸ் கே விதி வகுத்துக்கொண்டார். சில நாட்கள் விடுபட்டன. 100-க்கும் மேற்பட்ட சிறு கட்டுரைகள் நூலில் உள்ளன.

மதிப்பீடு

முன்பின் அறியாதவர் காட்டும் சிறு பரிவே இந்நூலில் நன்றிக்குரியதாகிறது. ஒரு கட்டுரையில் ராஸ் கே தக்காளி நாற்று ஒன்றைக் கையில் ஏந்தி விமானத்தில் செல்கிறார். விமானப் பணியாளர்கள் அதன் நலம் விசாரிக்கிறார்கள். ஒரு செடி அந்நியர்களுக்கு இடையே பேச்சைத் தொடங்கிவைக்கிறது.

இந்த இனிமையை இன்னொரு கட்டுரை சோதித்துப் பார்க்கிறது. டெட்ராய்ட் நகரக் காப்பிக்கடைக் கதவில், வேலையின்றி அங்கே நிற்கக்கூடாது என்ற அறிவிப்பை ராஸ் கே காண்கிறார். பணம் செலவழிக்காமல் சும்மா இருப்பது இன்பம். ஆனால் கறுப்பினத்தவர் சும்மா இருந்தால் அது குற்றமாகத் தெரிகிறது என்கிறார். அவரும் கறுப்பினத்தவர். நூலின் மிகச் சிறந்த கட்டுரை இது. தமக்கு எளிதில் அனுமதிக்கப்படாத மகிழ்ச்சியை அவர் தெரிந்தே எடுத்துக்கொள்கிறார் என்பது இங்கே புலப்படுகிறது.

விரைந்து எழுதும் விதி குறைகளையும் தந்துள்ளது. சில கட்டுரைகள் குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. அடைப்புக்குறிக்குள் நீளும் கிளைப்பேச்சுகள் வாசிப்பைத் தடுக்கின்றன. தொடர்ந்து படித்தால் சலிக்கும். நாளுக்கு ஒன்றாகப் படிக்க ஏற்றது.

நவம்பர் நான்காம் வியாழனை நன்றி நவிலலுக்கென ஒதுக்கி விருந்துண்ணும் நாட்டில், நன்றியை அன்றாடம் கவனிக்கும் பழக்கமாக மாற்றிக்காட்டியது இந்நூலின் முதன்மைப் பங்களிப்பு.