வெட்கம் எதற்கு?

காப்பியம் படித்தவர் தலைநிமிர்ந்து சொல்லுகிறார். துப்பறியும் நாவல் படித்தவரோ குரலைத் தாழ்த்தி, “சும்மா, பொழுது போகட்டும் என்று...” என இழுக்கிறார். ஏன் இந்தக் கூச்சம்? எவர் பொருளைத் திருடினார்? எவர் குடியைக் கெடுத்தார்?

கனமான நூல் அறிவை வளர்க்கும், மறுப்பாரில்லை. ஆனால், எளிய நூல் எல்லாம் இழிந்த நூல் என்பது ஆராய்ந்து கண்ட முடிவா? பெரியவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் நம்பினார்கள் என்ற பழைய கதைதானே!

1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்பார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். இயற்கைக்கு மீறிய ஆற்றலுக்குக் கதையில் இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. அவர் நாத்திகரா? இல்லை, கத்தோலிக்கப் பாதிரியார்!

ஷெர்லாக் ஹோம்சைப் படைத்த கானன் டாயில், ஆவியுலகை நம்பியவர். சிறுமியர் இருவர் எடுத்த வனதேவதைப் படங்களை மெய்யெனக் கொண்டு 1922-இல் நூலே எழுதினார். ஆயினும், 1924-இல் அவர் எழுதிய ‘சசெக்ஸ் இரத்தக்காட்டேரி’ கதையைப் பாருங்கள். பெரு நாட்டிலிருந்து வாழவந்த பெண், தன் குழந்தையின் இரத்தத்தையே குடிக்கும் காட்டேரி என்று பழிக்கப்படுகிறாள். ஹோம்ஸ் மந்திரவாதியைத் தேடவில்லை, சான்று தேடுகிறார். மூத்தாளின் மகன் குழந்தைமீது நஞ்சு பாய்ச்ச, அந்நஞ்சைத் தாய் வாயால் உறிஞ்சி எடுத்தாள் என்பது வெளியாகிறது. ஆசிரியர் வனதேவதையை நம்பினார். அவர் படைத்த துப்பறிவாளரோ காட்டேரியை நம்பவில்லை!

அதற்காக, அத்தனை நாவல்களுக்கும் ஆலவட்டம் வீச வேண்டுமா? வேண்டாம். அட்டையில் அலங்கோலமாக ஒரு பெண்ணின் பிணம். கதையில், முதல் ஐயம் வீட்டு வேலைக்காரன்மேல். ஏழை என்றால் திருடுவான், அழகி என்றால் கெட்டழிவாள் என்று எழுதும் பேனாவைக் கண்டிக்கத்தான் வேண்டும். எளிமை குற்றமன்று, எளியோரை இழிவுசெய்வதே குற்றம். இன்பமாகப் படியுங்கள், இடித்துக் கேட்கவும் தயங்காதீர்கள்.

பாடநூலுக்குள் பதுங்கிய நாவலைப் பறிக்கும் என் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: பறிக்குமுன், “குற்றவாளி இவன்தான் என்பதற்குச் சான்று என்ன?” என்று கேளுங்கள். மாணவன் ஒவ்வொன்றாக அடுக்குவான். இன்று கதையில் சான்று தேடப் பழகியவன், நாளை கைரேகை பார்ப்பவனிடமும் அதையே கேட்பான்.