துலிப் மலருக்கு அடியில்: அமெரிக்க டச்சு ஊர்களும் திரைப்படமும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமேசான் பிரைம் தளத்தில் 'ஹாலந்து' என்னும் ஆங்கிலத் திரைப்படம் வெளியானது. இயக்கியவர் மிமி கேவ். மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து நகரமே கதைக்களம். கதை நிகழும் ஆண்டு 2000. நிக்கோல் கிட்மன் ஏற்றுள்ள நான்சி வாண்டர்குரூட் என்ற ஆசிரியை, தன் கணவரின் அடிக்கடியான வெளியூர்ப் பயணங்களை ஐயுறுகிறார். கணவர் கண் மருத்துவர். ஊரார் மதிக்கும் மனிதர். பொம்மை ரயிலும் பொம்மை ஊரும் அமைத்து மகிழ்பவர். இறுதியில் அவர் பல கொலைகள் புரிந்தவர் என்று தெரியவருகிறது. துலிப் மலர்கள், காற்றாலை, மரச்செருப்பு, வெள்ளைத் தலைப்பாகை அணிந்த மாதர் ஆகியவை படம் முழுவதும் நிறைந்திருக்கின்றன. அம்மக்கள் எதை நம்பி வாழ்கின்றனர் என்பதை மட்டும் படம் சொல்லவில்லை.

நம் சமூகம் தொப்பியும் தாடியுமாகத் திரையில் சுருக்கப்படுவதைப் பன்முறை கண்டு நொந்தவர்கள் நாம். ஆதலால் பிறிதொரு சமயச் சமூகம் மரச்செருப்பாகச் சுருக்கப்படும்போது அதைக் காணும் கண் நமக்குச் சற்றே கூர்மையாக இருத்தல் வேண்டும்.

இவ்வூர்கள் எவ்வாறு தோன்றின? நெதர்லாந்து அரசின் பிடியிலிருந்த திருச்சபை பழைய கோட்பாட்டினின்றும் வழுவிவிட்டது எனக் கூறி 1834இல் ஒரு பிரிவினர் விலகினர். அவர்களுடைய வழிபாட்டுக் கூட்டங்களுக்கு அரசு தண்டம் விதித்தது. வீடுகளில் படைவீரர்களைத் தங்கவைத்துத் துன்புறுத்தியது. 1840களில் உருளைக்கிழங்குப் பயிரும் நோயால் அழிந்தது. 1847இல் வான் ரால்ட்டெ என்ற போதகர் தலைமையில் ஒரு கூட்டம் மிச்சிகன் காட்டில் ஹாலந்தை நிறுவியது. அதே ஆண்டு ஹெண்ட்ரிக் ஸ்கோல்ட்டெ ஏறத்தாழ 800 பேருடன் அயோவா சமவெளியில் பெல்லாவை நிறுவினார். ஆதிக் கிறித்தவர்கள் ஜெரூசலேமிலிருந்து தப்பிப் புகலடைந்ததாகச் சொல்லப்படும் ஊரின் பெயரே பெல்லா. இன்றைய ஜோர்தானில் உள்ள அவ்வூரைத்தான் நம் வரலாற்று நூல்கள் ஃபிஹ்ல் என்று குறிக்கின்றன. ஹிஜ்ரி 13இல் பைசாந்தியருடன் போர் நிகழ்ந்த களம் அது. சமயத்துக்காக நாடு துறந்தோர் தம் புதிய ஊருக்கு இட்ட பெயரிலேயே அவர்தம் உள்ளம் விளங்குகிறது.

அவர்கள் கப்பலேறியது காற்றாலைக்காக அன்று. திரைப்படம் காட்டும் மலர்க்கோலம் பிற்காலத்தது. ஹாலந்தில் துலிப் விழா 1929இலும், பெல்லாவில் 1935இலும், ஆரஞ்சு சிட்டியில் 1936இலும் தொடங்கின. ஹாலந்தில் இன்று நிற்கும் காற்றாலை நெதர்லாந்திலிருந்து பிரித்தெடுத்து வரப்பெற்று 1965இல் திறக்கப்பட்டது. வருவோரை ஈர்க்க ஊராரே தைத்துக்கொண்ட உடை இது. கிறித்தவச் சீர்திருத்தச் சபை 1928இல் நாடகக் கொட்டகை, நடனம், சீட்டாட்டம் ஆகிய மூன்றையும் கண்டித்து எச்சரித்தது. சில ஆண்டுகளுக்குள் ஹாலந்து நகரின் பள்ளி மாணவியர் மரச்செருப்பணிந்து தெருவில் நடனமாடலாயினர். இம்முரண் ஒன்றே சிறந்த கதைக்குப் போதுமானது. ஹாலிவுட்டுக்கு அது புலப்படவில்லை. ஆயினும் பழி முழுவதையும் ஹாலிவுட்டின்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. விற்பனைக்கு வைத்த முகத்தைத்தான் அது வாங்கிச் சென்றது.

இதனை 1979இல் வெளிவந்த 'ஹார்ட்கோர்' படத்துடன் ஒப்பிட வேண்டும். எழுதி இயக்கிய பால் ஷ்ரேடர் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அச்சபையிலேயே பிறந்து வளர்ந்தவர். பதின்பருவத்தின் இறுதிவரை திரைப்படமே கண்டிராதவர். கால்வின் கல்லூரியில் பயின்றவர். கிராண்ட் ராப்பிட்ஸ் சிற்றூர் அன்று, பெருநகரம். எனினும் சபையின் உறவுவட்டம் அங்கும் ஊர்போலவே இயங்கியது. கதைநாயகன் ஜேக் வான்டோர்ன் தளவாடத் தொழில் நடத்துபவர். ஜார்ஜ் ஸி. ஸ்காட் அப்பாத்திரத்தை ஏற்றார். சபைப் பிள்ளைகளுடன் கலிஃபோர்னியா சென்ற மகள் காணாமற்போகிறாள். ஆபாசப் படமொன்றில் அவளைக் காண நேர்ந்த தந்தை தேடிப் புறப்படுகிறார்.

இப்படமும் வார்ப்புருவுக்குத் தப்பவில்லை. பனி மூடிய தூய ஊர், பாவம் மலிந்த மாநகரம் என்னும் எதிர்நிலை தட்டையானது. ஆனால் அதில் ஒரு காட்சி உண்டு. தேடலில் துணைவரும் நிக்கி என்ற பெண்ணிடம், லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் அமர்ந்து, தம் சபையின் ஐந்து கோட்பாடுகளை வான்டோர்ன் விளக்குகிறார். 1618-19இல் கூடிய டார்ட் மாமன்றத்தின் முடிவுகள் அவை: மனிதனின் முழுச் சீர்கேடு, நிபந்தனையற்ற தெரிவு, வரையறைக்குட்பட்ட மீட்பு, தடுக்கவியலா அருள், இறுதிவரை நிலைத்தல். ஆங்கிலத்தில் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'துலிப்' என்ற சொல் வரும். களா கத்ர் பற்றிய கலாம் வாதங்களைப் பயின்றவர்க்கு இப்பொருள் முற்றிலும் அந்நியமன்று. அப்பெண் கேட்டுத் திகைக்கிறாள், பார்வையாளரும் நகைக்கின்றனர். ஆயினும் ஒரு மனிதன் தான் நம்புவதைத் தன் சொற்களால் உரைக்கப் படம் இடமளித்தது. அதன் பின்னரே அவருடைய பிழை நமக்கு வலிக்கிறது. மகளை மீட்டவர், தமக்குத் துணைநின்ற நிக்கியை விட்டுவிட்டுத் திரும்புகிறார். தெரிவு செய்யப்பட்டோர், செய்யப்படாதோர் என்னும் பிரிவு அங்கே கோட்பாடாக நில்லாமல் செயலாகிவிடுகிறது. கண்டனம் என்றால் இதுவே கண்டனம். உள்ளிருந்து அறிந்தவனால் மட்டுமே இயல்வது.

'ஹாலந்து' படத்துக்கு ஒரு துலிப்தான் தெரியும், அது மலர். மற்றொன்றை அது கேள்விப்படவில்லை. அதனால் விளைந்த நகைப்பு நுட்பமானது. வெட்டிச் சீராக்கிய புல்வெளிக்கும் துடைத்த சாளரத்துக்கும் பின்னே கொடுமை ஒளிந்திருக்கிறது என்பதைப் பெரும் மறைபொருளாகக் கருதி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பொத்திவைத்து இறுதியில் வெளிப்படுத்துகிறது படம். அவ்வூரின் பழைய சபையாரோ மனித இயல்பு அடிமுதல் கெட்டது என்பதை வினாவிடைப் பாடத்தின் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தனர். மனிதன் தூய இயல்போடு பிறக்கிறான் எனக் கொள்ளும் நமக்கு அக்கொள்கை ஏற்புடையதன்று. எனினும், ஒருவர் நாள்தோறும் அறிக்கையிடும் ஒன்றை அவர் மறைத்த கள்ளமாகக் காட்டுவது திறனாய்வும் ஆகாது, கலையும் ஆகாது. அவருடைய நூலைத் திறந்தே பாராதவரின் செயல் அது.

இப்படத்தின் பெரும்பகுதி டென்னஸி மாநிலத்தில் படமாக்கப்பட்டது. இடத்தை மாற்றியும் குறை தெரியவில்லை என்றால், ஊர் வெறும் திரைச்சீலையாகவே இருந்தது என்பதுதானே பொருள்?

இன்றைய ஹாலந்து நகரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் லத்தீன் அமெரிக்க மரபினர். சர்க்கரைக் கிழங்கு, வெள்ளரி வயல்களில் உழைக்க வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். படத்திலும் அம்மரபைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் உண்டு. நான்சியின் துணைவராக, ஊருக்கு அந்நியராக அவர் வந்துபோகிறார். மெய்யான ஊரில் அக்குடும்பங்களின் பிள்ளைகளும் மே மாதந்தோறும், தடித்த காலுறைகளைப் பல அடுக்காக அணிந்து, அதே மரச்செருப்புகளை மாட்டிக்கொண்டு விழாத் தெருவில் ஆடுகின்றனர்.